சத்து மாத்திரையா, தினசரி நடையா? மருத்துவச் சோதனைகள் தரும் விடை

உடல்நலம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கிறது. எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்பது ஒன்று. விளம்பரத்தில் வரும் சத்து மாத்திரைகளை நம்பி வாங்கலாமா என்பது மற்றொன்று. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கிளினிக்கில் எண் எடுத்துக்கொண்டு காத்திருக்கும் இடத்திலும் இதே பேச்சுதான். "என் மாமா இந்தப் பொடியைத்தான் மூன்று மாதம் சாப்பிட்டார், இனிப்புநீர் இருந்த இடம் தெரியவில்லை" என்று ஒருவர் சொன்னால் போதும், கேட்பவர் விலையை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்.

இதில் போவது பணம் மட்டும் என்றால் பெரிய கவலை இல்லை. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டுப் பொடியை நம்புகிறவருக்குச் சிறுநீரகமும் கண் பார்வையும் காலும் போகக்கூடும். மலேசிய சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிய வந்தது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். 2019 ஆய்வில் இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தாரைவிட அதிகமாக இருந்தது. ஆகவே எது உண்மையில் பலன் தரும், எது தராது என்பதை அறிந்துகொள்வது நம் சமூகத்திற்கு மிக அவசியம்.

அதை அறிந்துகொள்ள உலகம் ஒப்புக்கொண்ட வழி மருத்துவச் சோதனை. ஒருவர் அனுபவத்தைக் கேட்டு முடிவு செய்யாமல், பலரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மருந்தையோ உணவையோ பயிற்சியையோ கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே அந்த வழி.

கப்பலில் நடந்த சோதனை

இதற்கு முன்னோடியாக அடிக்கடி சொல்லப்படுவது 1747-ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம். அந்தக் காலத்தில் நெடுந்தூரக் கடல் பயணம் போகும் மாலுமிகளை ஸ்கர்வி என்ற நோய் வாட்டியது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், உடல் தளரும், கடைசியில் உயிரே போகும். பிரிட்டிஷ் கடற்படையின் சாலிஸ்பரி என்ற கப்பலில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 மாலுமிகளைத் தேர்ந்தெடுத்தார். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே இடம். அவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு சிகிச்சை கொடுத்தார். ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று ஆறு விதம்.

ஆறே நாளில் பழம் தீர்ந்துபோனது. அதற்குள் பழம் சாப்பிட்ட இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறினார். மற்றவர் ஏனைய நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார். வைட்டமின் சி என்ற பெயரே யாருக்கும் தெரியாத காலம் அது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்த்ததால் உண்மை வெளிப்பட்டது. இருந்தும் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறைப்படி வழங்கத் தொடங்கியது 1795-ல்தான். சான்று கிடைப்பது ஒன்று, அதை ஏற்றுக்கொள்வது வேறொன்று என்பதற்கும் இதுவே எடுத்துக்காட்டு.

பார்ப்பது வேறு, சோதிப்பது வேறு

"காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு" என்று ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மக்கள் பழக்கத்தைக் கவனித்து எழுதிய ஆய்வு. காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் புகைபிடிக்க மாட்டார், மது அருந்த மாட்டார், நடக்கவும் செய்வார், வருமானமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அவருடைய நலனுக்குக் காரணம் காய்கறியா, மற்ற பழக்கங்களா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

சோதனையில் இந்தச் சிக்கல் குறைகிறது. யார் எந்தக் குழுவில் சேர வேண்டும் என்பதை ஆய்வாளரும் முடிவு செய்வதில்லை, கலந்துகொள்பவரும் முடிவு செய்வதில்லை. குலுக்கல் முறையில் அது அமைகிறது. அதனால் புகைபிடிப்பவர், வசதியானவர், வயதானவர் எல்லாரும் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடுகிறார்கள். மாத்திரைச் சோதனையாக இருந்தால் ஒரு குழுவுக்கு உண்மையான மாத்திரையும் மற்றொரு குழுவுக்கு அதே நிறம், அதே வடிவில் சத்தில்லாத போலி மாத்திரையும் தரப்படும். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மனநிறைவால் வரும் தேற்றம் கணக்கைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

நல்லது என்று நம்பியது தீமையான கதை

இப்படிச் சோதிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பீட்டா கரோட்டின் ஒரு பாடம். காரட்டுக்கு நிறம் தரும் சத்து இது. காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டு ரத்தத்தில் இந்தச் சத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் பழக்கமுள்ள 29,133 ஆண்களிடம் இது சோதிக்கப்பட்டது. 1994-ல் முடிவு வந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், அப்பழக்கத்தை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்துத் தரப்பட்ட மற்றொரு சோதனை நடந்தது. அங்கும் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு கூடியதால், 1996 ஜனவரியில் திட்டமிட்ட காலத்திற்கு 21 மாதங்கள் முன்னதாகவே மாத்திரை கொடுப்பது நிறுத்தப்பட்டது.

வைட்டமின் ஈ கதையும் இதைப் போன்றதுதான். ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோயை அது தடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் 35,000-க்கும் அதிகமான ஆண்கள் கலந்துகொண்ட சோதனை நடந்தது. பலன் தெரியாததால் 2008-ல் மாத்திரை நிறுத்தப்பட்டது. தொடர்ந்து கவனித்ததில் 2011-ல் வந்த கணக்கு இது: ஏழு ஆண்டுகளில் போலி மாத்திரை சாப்பிட்ட 1,000 பேரில் 65 பேருக்கு அந்தப் புற்றுநோய் வந்தது. வைட்டமின் ஈ சாப்பிட்ட 1,000 பேரில் 76 பேருக்கு வந்தது.

காரட் கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை. காரட்டில் நார்ச்சத்தும் பல சத்துகளும் கலந்து இயற்கையான அளவில் இருக்கின்றன. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, பெரிய அளவில், ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் உடல் அதை வேறு விதமாக எதிர்கொள்கிறது. "சத்துதானே, கெடுதல் என்ன செய்யப்போகிறது" என்ற சமாதானம் சரியல்ல என்பதே இதன் பாடம்.

எல்லா மாத்திரையும் வீணா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றிய சோதனை ஒன்று பல நாடுகளில் நடந்து 1991-ல் முடிவு வெளியானது. முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார்கள், அடுத்த கர்ப்பத்திற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டபோது அக்குறை 72 விழுக்காடு குறைந்தது. இன்று தாய்மை அடைய விரும்பும் பெண்களுக்கு மருத்துவர்கள் ஃபோலிக் அமிலம் பரிந்துரைப்பதற்கு இந்தச் சோதனை முக்கியமான அடிப்படை.

ரத்தசோகை உள்ளவருக்கு இரும்புச் சத்து தேவை. மெட்ஃபோர்மின் மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடும் இனிப்புநீர்க்காரருக்கும் சுத்த சைவ உணவு உண்பவருக்கும் வைட்டமின் பி12 குறையலாம். ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் மாத்திரை சாப்பிடத்தான் வேண்டும். குறை உள்ளவருக்கு அந்தச் சத்து மருந்தாகிறது.

குறை இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லாரும் சாப்பிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 25,871 பேரிடம் வைட்டமின் டி-யும் மீன் எண்ணெயும் ஐந்தாண்டுக்கு மேல் சோதிக்கப்பட்டன. 2018-ல் வந்த முடிவின்படி, வைட்டமின் டி சாப்பிட்டதால் புற்றுநோய் வருவது குறையவில்லை. மீன் எண்ணெயாலும் புற்றுநோயோ, மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கையோ குறிப்பிடும்படி குறையவில்லை.

நம்மவர் பெரிதும் நம்பும் பாகற்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும். இனிப்புநீருக்குப் பாகற்காய் கொடுத்து நடந்த சோதனைகளை 2012-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்து ஆராய்ந்தது. அவை சிறிய சோதனைகள், மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்காதவை. பலன் உண்டு என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. பாகற்காய்ப் பொரியல் நல்ல உணவுதான். மருந்துக்குப் பதிலாகப் பாகற்காய்ச் சாறு குடிப்பதுதான் ஆபத்து.

உணவும் நடையும் சோதிக்கப்பட்டபோது

மாத்திரைகள் பல ஏமாற்றிய நிலையில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சோதனையில் தேறியிருக்கின்றன. இதில் இனிப்புநீர்த் தடுப்பு முதலிடம் பெறுகிறது.

சீனாவின் டாச்சிங் நகரில் 1986-ல், இனிப்புநீர் வரும் நிலையில் இருந்த 577 பேரிடம் ஆறாண்டுச் சோதனை தொடங்கியது. பிறகு 30 ஆண்டுகள் வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். உணவு, உடற்பயிற்சிக் குழுக்களில் இருந்தவர்களுக்கு இனிப்புநீர் வருவது ஏறக்குறைய நான்கு ஆண்டு தள்ளிப்போனது. இதய நோயால் இறப்பதும் குறைந்தது.

அமெரிக்காவில் 3,234 பேர் கலந்துகொண்ட சோதனையின் முடிவு 2002-ல் வெளியானது. உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரத்திற்கு 150 நிமிடம் நடப்பது ஆகியவையே அங்கு வைக்கப்பட்ட இலக்கு. இனிப்புநீர் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31 விழுக்காடுதான் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் உணவும் நடையும் தந்த பலன் இன்னும் அதிகம், 71 விழுக்காடு. "இந்த வயதுக்கு மேல் நடந்து என்ன ஆகப்போகிறது" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

"வெள்ளைக்காரர்களுக்குப் பொருந்துவது நமக்குப் பொருந்துமா?" என்று கேட்பதும் நியாயமே. நம்மவருக்கு இளம் வயதிலேயே, உடல் பருமன் அதிகம் இல்லாமலேயே இந்நோய் வருகிறது. இதற்கும் பதில் இருக்கிறது, அதுவும் சென்னையிலிருந்து. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, இனிப்புநீர் வரும் நிலையில் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு குழுவுக்கு உணவு, நடைப் பயிற்சி. ஒரு குழுவுக்குக் குறைந்த அளவு மெட்ஃபோர்மின். நான்காவது குழுவுக்கு இரண்டும். சீனியைத் தவிர்ப்பது, மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது, தினமும் அரை மணி நேரமாவது நடப்பது ஆகியவைதாம் அங்கு சொல்லப்பட்டவை.

2006-ல் முடிவு வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் வந்துவிட்டது. உணவு, நடைக் குழுவில் 39.3 விழுக்காடு. மாத்திரைக் குழுவில் 40.5 விழுக்காடு. இரண்டும் சேர்ந்த குழுவில் 39.5 விழுக்காடு. நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தராசு முள் இறங்கவில்லை என்று மனம் தளர்ந்து நடையை விட்டுவிடுகிறவர்கள் பலர். முள் இறங்காவிட்டாலும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருக்கலாம்.

விழுக்காட்டைப் படிக்கும் முறை

சென்னைச் சோதனையை வைத்தே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளலாம். 55-லிருந்து 39.3-க்கு இறங்கியதை "28.5 விழுக்காடு குறைவு" என்று எழுதுவார்கள். அது ஒப்பீட்டுக் கணக்கு. நேர்க் கணக்கில், 100 பேர் நடந்தால் ஏறக்குறைய 16 பேர் மூன்றாண்டில் இனிப்புநீரிலிருந்து தப்புகிறார்கள். வேறு விதமாகச் சொன்னால், ஆறேழு பேர் நடந்தால் ஒருவர் தப்புகிறார். மருத்துவத்தில் இது பெரிய பலன்.

விளம்பரங்கள் பெரும்பாலும் ஒப்பீட்டுக் கணக்கை மட்டுமே காட்டும். ஆயிரம் பேரில் இருவருக்கு வரும் நோய் ஒருவருக்குக் குறைந்தாலும் "50 விழுக்காடு குறைவு" என்று பெரிய எழுத்தில் போடலாம். ஆகவே "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

உணவு ஆய்வுகள் ஏன் மாறி மாறிப் பேசுகின்றன?

நேற்று நல்லது என்றார்கள், இன்று கெடுதல் என்கிறார்கள் என்பது மக்களின் சலிப்பு. உணவுக்குப் போலி மாத்திரை போல ஒன்றைக் கொடுக்க முடியாது. தட்டில் இருப்பது என்ன என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் ஒருவரை ஒரே உணவில் நிறுத்துவதும் கடினம்.

ஸ்பெயினில் 7,447 பேர் கலந்துகொண்ட சோதனை ஒன்றில், ஆலிவ் எண்ணெய் அல்லது கொட்டைப் பருப்புகள் சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைப்பதாக 2013-ல் முடிவு வந்தது. பிறகு, சில இடங்களில் குலுக்கல் முறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்பது தெரிந்தது. ஆய்வாளர்களே 2018-ல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கை மறுபடியும் செய்து, கூடுதல் எச்சரிக்கையோடு வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வது அறிவியலின் பலம். பொடி விற்பவர் எவரும் தம் விளம்பரத்தைத் திரும்பப் பெறுவதில்லை.

உப்பைப் பற்றிய சோதனை இன்னும் எளிமையானது. சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் இது நடந்தது. பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்பில் கால் பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் கலந்த உப்பு கொடுக்கப்பட்டது. பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக்கூடாது. அவர்கள் உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயத்துக்கே ஆபத்து.

நடையும் ஒரு சிகிச்சை

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்த 889 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2025-ல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு உடல்நலக் குறிப்புகள் அடங்கிய கையேடு மட்டும் தரப்பட்டது. மற்றொரு குழுவுக்கு மூன்றாண்டு, பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி. எட்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கையேட்டுக் குழுவில் 83.2 விழுக்காட்டினரும் பயிற்சிக் குழுவில் 90.3 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. "நடங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதவில்லை. கூட ஒருவர் இருந்து ஊக்குவித்தபோதே பலன் கிடைத்தது. அமெரிக்கச் சோதனையிலும் சென்னைச் சோதனையிலும்கூட ஆலோசகர்கள் தொடர்ந்து பேசி உற்சாகப்படுத்தினார்கள். வீட்டில் ஒருவருக்கு இனிப்புநீர் என்றால் அவரை மட்டும் நடக்கச் சொல்லாமல், குடும்பமே சேர்ந்து நடப்பது நல்லது. அவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றில்லாமல் எல்லாரும் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினால் அவர் பின்வாங்க மாட்டார்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஒரு பொருளை யாராவது புகழ்ந்து விற்க வந்தால் சில கேள்விகள் கேட்கலாம். இதை மனிதர்களிடம் சோதித்தார்களா, எலியிடமா? எத்தனை பேரிடம்? ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இருந்ததா? எவ்வளவு காலம்? சோதனைக்குப் பணம் கொடுத்தது யார்? பக்க விளைவு என்ன? "எங்கள் வாடிக்கையாளர் சொன்னார்" என்பது இவற்றில் எதற்கும் பதில் ஆகாது.

சட்டமும் துணை நிற்கிறது. மலேசியாவில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி, இனிப்புநீர், புற்றுநோய், இதய நோய், சிறுநீரக நோய் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யவே கூடாது. இனிப்புநீரை ஒழிப்பதாகக் கூவும் விளம்பரம் அங்கேயே சட்டத்தை மீறுகிறது. பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எண் இருந்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது: பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்யும்போது முக்கியமாகப் பார்க்கப்படுவது தரமும் பாதுகாப்பும்தான். நோயைத் தீர்க்கும் என்ற சான்றிதழ் அல்ல அது. சிங்கப்பூரில் சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. ஆகவே கடையில் இருக்கிறது என்பதனாலேயே அது சோதிக்கப்பட்டது என்று எண்ணிவிடக்கூடாது. மூலிகை என்று விற்கப்பட்ட சில பொருள்களில் ஸ்டிராய்டு மருந்து கலந்திருந்ததை இரு நாட்டு அதிகாரிகளும் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள்.

எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அதை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் திட்டுவார் என்று பயந்து மறைப்பதால் கெடுவது நம் உடல்தான். மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. நடக்கத் தொடங்கிய பின் சர்க்கரை அளவு இறங்கினால், மருந்தைக் குறைக்கலாமா என்பதை அவரே பார்த்துச் சொல்வார்.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நடந்த சோதனைகள் சொல்வது சிக்கலான செய்தி அல்ல. உடலில் குறையும் சத்தை அறிந்து சாப்பிட்டால் பலன் உண்டு. குறை இல்லாதபோது விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் பணச் செலவு, சில நேரங்களில் கேடு. அளவான உணவும் தினசரி அரை மணி நேர நடையும் நம் இன மக்களிடமே சோதிக்கப்பட்டு, தேறி வந்திருக்கின்றன. மாதந்தோறும் மாத்திரைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு நல்ல காலணி வாங்கி, நாளை மாலையே குடும்பத்தோடு நடக்கத் தொடங்குவது அறிவுடைமை.